குளிசை எப்போது வேலை தொடங்கும்? எப்போது உடலை விட்டுப் போகும்?

2009ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தோர் முகாமொன்றில் ஒரு தாயாரைச் சந்தித்தேன். அறுபது வயதைக் கடந்தவர். வயலையும் மாட்டையும் பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். பிறஷருக்கென்று அவருக்கு ஒரு மாதத்துக்குரிய குளிசைகள் கொடுக்கப்பட்டிருந்தன. மூன்று மாதம் சென்ற பின்னரும் அந்தப் பையில் குளிசை மீதியாக இருந்தது. "தலையிடிக்கிற நாளிலை மட்டும் ஒண்டு போடுறனான், சுவாமி. மற்ற நாளிலை வீணாக்கிறேல்லை" என்று பெருமையோடு சொன்னார். விதைநெல்லைக் காப்பதுபோலக் குளிசையைக் காத்து வைத்திருந்தார்.

சில வாரங்களின் பின் ஒரு விடியற்காலையில் அவருடைய வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. உயிர் தப்பினார். ஆனால் பிறகு மண்வெட்டி பிடிக்கவில்லை.

அந்தத் தாயார் கவலையீனமானவர் அல்லர். சிக்கனமானவர். குளிசை உடலுக்குள் எவ்வளவு நேரம் நிற்கும், அது போன பின் என்ன நடக்கும் என்பதை எவரும் அவருக்கு விளக்கவில்லை. அந்தக் குறை அவரோடு பழகிய எங்களுடையதும்தான். ஆகவே இந்தப் பாடத்தில் அதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம். விவசாயிகளாகிய உங்களுக்கு இது கடினமான விடயமல்ல. தண்ணீர் எப்படி வயலுக்குள் வருகிறது, எப்படி வற்றுகிறது என்று அறிந்தவர்களுக்கு மருந்தின் போக்கும் விளங்கும்.

1. குளிசை போகும் பாதை

நாம் விழுங்கும் குளிசை இரைப்பையிற் கரைந்து, சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்திற் கலக்கிறது. அங்கிருந்து முதலில் ஈரலுக்குப் போகிறது. பின்னர் உடல் முழுவதும் பரவுகிறது. நோயுள்ள இடத்துக்கு மட்டும் போகும் குளிசை என்று ஒன்று இல்லை. முழங்கால் நோவுக்குப் போட்ட குளிசை மூளைக்கும் போகும், சிறுநீரகத்துக்கும் போகும்.

வெளியேறும் வாசல்கள் முக்கியமாக இரண்டு. ஈரல் மருந்தை உடைத்து மாற்றுகிறது. சிறுநீரகம் அதனைச் சலத்துடன் வெளியேற்றுகிறது. வாய்க்கால் திறந்திருக்கிறது, கழிவாயும் திறந்திருக்கிறது. வயலில் எவ்வளவு நீர் நிற்கும் என்பது இரண்டையும் பொறுத்தது.

விழுங்கிய குளிசை வேலை தொடங்கப் பெரும்பாலும் அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை எடுக்கும். நாளத்தில் ஏற்றும் ஊசிமருந்து உடனடியாக இரத்தத்திற் சேரும். நெஞ்சுவலிக்காரர் நாக்கின் கீழ் வைக்கும் குளிசை சில நிமிடங்களில் வேலை செய்யும். தொய்வுக்கு இழுக்கும் சல்பியூட்டமோல் நேரே சுவாசப்பைக்குப் போவதால் ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் மூச்சு இளகும். அதே மருந்தைக் குளிசையாக விழுங்கினால் அரை மணித்தியாலமளவு காத்திருக்க வேண்டும்.

"ஊசி போட்டால்தான் சுகம் வரும்" என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஊசி விரைவாகப் போகும் பாதை, அவ்வளவுதான். வாந்தி இல்லாத, விழுங்கக்கூடிய நோயாளிக்குப் பல வருத்தங்களுக்குக் குளிசையே போதும். இன்னொரு வகையில், மெதுவாக வேலை செய்யவென்றே போடப்படும் ஊசிகளும் உண்டு. வாதக்காய்ச்சலால் இதயம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தசையிற் போடும் பென்சதீன் பெனிசிலின் சிறிது சிறிதாகக் கசிந்து மூன்று, நான்கு வாரங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆகையினால்தான் அதற்குத் தவணை தவறாமற் போகவேண்டும்.

2. ஒரு சிறு பரிசோதனை

ஒரு கண்ணாடிப் போத்தல் நிறையக் கடுஞ்சாயத் தேநீர் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி வையுங்கள். போத்தலைப் பச்சைத் தண்ணீரால் நிரப்புங்கள். மீண்டும் பாதியை இன்னொரு குவளையில் ஊற்றுங்கள். மீண்டும் நிரப்புங்கள். இப்படி ஐந்து முறை செய்து, குவளைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

முதல் முறைக்குப் பின் போத்தலில் சாயம் பாதி. இரண்டாம் முறைக்குப் பின் கால். பின்னர் எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று. ஐந்தாம் முறையோடு 100 பங்கில் ஏறத்தாழ 3 பங்குதான் மீதி.

பெரும்பாலான மருந்துகள் உடலை விட்டுப் போவதும் இவ்வாறுதான். இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அரைவாழ்வுக்காலம் என்பர். அப்படி ஐந்து அரைவாழ்வுக்காலம் கழிந்தால் மருந்து அநேகமாகப் போய்விட்டது என்று கொள்ளலாம். இந்த நேரம் மருந்துக்கு மருந்து வேறுபடும்.

வீட்டில் எல்லோரும் அறிந்த பரசிற்றமோலை எடுப்போம். அதன் அரைவாழ்வுக்காலம் 2 முதல் 3 மணித்தியாலம். 3 என்று வைத்துக்கொண்டால், காலை 6 மணிக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு போட்டவரின் உடலில் 9 மணியளவில் 500 மில்லிகிராம், நண்பகலில் 250, பிற்பகல் 3 மணிக்கு 125 என்று குறைந்து செல்லும். நாலைந்து மணித்தியாலத்தின் பின் காய்ச்சல் மீண்டும் ஏறுவது இதனால்தான். மருந்து பிழையென்று நினைத்து உடனே வேறு குளிசை தேடக்கூடாது.

வளர்ந்த ஒருவர் இரண்டு வேளைக்கு இடையில் குறைந்தது 4 மணித்தியாலம் விடவேண்டும். 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேற் போகக்கூடாது. உடல் மெலிந்தவர், ஈரல் வருத்தக்காரர், மதுப் பழக்கமுள்ளவர் ஆகியோருக்கு அளவு இன்னும் குறைவு. பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்துத்தான் அளவு. பனடோல் என்பதும் பரசிற்றமோலே. தடிமனுக்கு விற்கும் கலவைக் குளிசைகள் சிலவற்றிலும் அதுவே இருக்கிறது. பெயர் வேறென்று இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு இரட்டிக்கும், ஈரல் கெடும். அந்தக் கேடு முதல் நாளில் வெளியே தெரியாமலும் இருக்கலாம். எனவே அளவு மீறிவிட்டதென்று தெரிந்தவுடனே, நோயாளி நன்றாக இருந்தாலும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தடிமனுக்கும் சொறிக்கும் போடும் குளோர்பெனிரமின், அதாவது பலரும் பிரிட்டோன் என்று அறிந்த மஞ்சட் குளிசை, இதற்கு மாறானது. அதன் அரைவாழ்வுக்காலம் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 20 மணித்தியாலம். இரவு போட்டதில் ஒரு பகுதி காலையிலும் உடலில் இருக்கும். அந்தத் தூக்கக் கலக்கத்தோடு லான்ட்மாஸ்டர் ஓட்டுவதும் சூடடிக்கும் இயந்திரத்தில் நிற்பதும் ஆபத்து.

3. மெதுவாக நிரம்பும் மருந்துகள்

காய்ந்து வெடித்த வயலுக்குத் தண்ணீர் திறந்தால் முதல் நாளிலேயே வரப்பு முட்ட நிற்காது. நாள்தோறும் விட, வருவதும் போவதும் சமமாகும் ஒரு நாளில் நீர்மட்டம் நிலைகொள்ளும். நாள்தோறும் எடுக்கும் மருந்தும் அவ்வாறே. மட்டம் நிலைகொள்ள நாலைந்து அரைவாழ்வுக்காலம் தேவை.

பிறஷருக்குக் கொடுக்கும் அம்லோடிப்பினின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 2 நாள். அது நிலைகொள்ள ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை செல்லும். லொசாட்டனின் முழுப் பயனும் தெரிய 3 முதல் 6 வாரம் வரை ஆகலாம். தைரொயிட் குறைவுக்குக் கொடுக்கும் தைரொக்சினுக்கு அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 7 நாள். அதனாலேயே அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்துத்தான் மீண்டும் இரத்தம் சோதிப்பார்கள். மன அழுத்த நோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் பயன் காட்ட இரண்டு முதல் ஆறு வாரங்கள் எடுக்கும். பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வரலாம். இழப்புகளைச் சுமந்து வந்த எத்தனையோ பேர், "ஒரு கிழமை போட்டும் சுகமில்லை" என்று, பயன் வரும் வேளையில் மருந்தை எறிந்துவிடுகிறார்கள்.

தொய்வுக்காரர் இதைக் கவனிக்கவேண்டும். மூச்சு முட்டும்போது இழுப்பது ஒரு மருந்து. முட்டு வராமற் காக்க நாள்தோறும் இழுப்பது வேறொரு மருந்து. பின்னையது பல நாள் தொடர்ந்து எடுத்த பின்னரே பயன் தரும். உடனே இளகவில்லை என்று அதை மூலையில் வைத்துவிட்டு முதலாவதை மட்டும் நம்பியிருப்பவரே நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓட நேரிடுகிறது.

இனி முன்சொன்ன தாயாரிடம் வருவோம். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் தலையிடியாகவோ வேறு குணமாகவோ தெரிவதில்லை. தலையிடித்த நாளில் மட்டும் ஒன்று போட்டதால், மருந்து ஒருபோதும் நிலையான மட்டத்துக்கு வரவில்லை. இடையிடையே தண்ணீர் கண்ட பயிர்போல, அவருடைய இரத்தக்குழாய்கள் பாதுகாப்பின்றி இருந்தன. அவர் மீதப்படுத்திய குளிசைகள் அவரைக் காத்திருக்க வேண்டியவை.

4. மருந்து போனாலும் அதன் வேலை போகாத நிலை

அஸ்பிரின் சில மணித்தியாலத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். ஆனால் இரத்தம் உறைவதற்கு உதவும் சிறுதட்டுக்களை அது செயலிழக்கச் செய்துவிடும். புதிய சிறுதட்டுக்கள் வந்து சேர 7 முதல் 10 நாள் வரை ஆகும். டெங்குக் காய்ச்சலில் இது உயிராபத்து. காய்ச்சலின் முதல் நாளில் "உடம்பு நோவுக்கு" என்று போட்ட அஸ்பிரின், காய்ச்சல் விட்டு இரத்தக்கசிவு வரக்கூடிய அந்த ஆபத்தான நாட்களிலும் வேலை செய்துகொண்டிருக்கும். ஆகவே என்ன காய்ச்சலென்று தெரியுமுன் அஸ்பிரின், இபுபுறூபன், டைக்குளோபினாக் எதையும் தொடவேண்டாம். பரசிற்றமோல் மட்டும், அளவோடு. இதயத்துக்காக நாள்தோறும் அஸ்பிரின் எடுப்பவர் காய்ச்சல் வந்தால் அதை முதல் நாளிலேயே வைத்தியரிடம் சொல்லவேண்டும். பல் பிடுங்கும்போதும் சத்திரசிகிச்சையின்போதும் அவ்வாறே.

5. குணம் தெரிந்தாலும் கிருமி போகாத நிலை

அமொக்சிசிலினின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான். அதனால்தான் ஒரு நாளைக்கு மூன்று வேளை தருகிறார்கள். ஒரு வேளை தவறினால் கிருமிக்கு ஓய்வு கிடைக்கிறது. காய்ச்சல் இரண்டு, மூன்று நாளில் தணியலாம். ஆனால் வைத்தியர் குறித்த நாள் வரை எடுக்கவேண்டும். மீதியை எடுத்து வைத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கவும் கூடாது.

கசம், அதாவது காசநோய், இதற்குப் பெரிய உதாரணம். மருந்து தொடங்கிச் சில வாரங்களில் இருமல் குறையும், பசி எடுக்கும், நிறை கூடும். ஆனால் மறைந்து உறங்கும் கிருமிகள் இன்னும் உள்ளே இருக்கும். வழமையான சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் இரண்டு மருந்துகள். இடையில் விட்டால் எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக எழும்பலாம். றிபாம்பிசின் எடுக்கும்போது சலம் செம்மஞ்சளாகப் போகும். அது இரத்தமல்ல, பயப்படவேண்டாம். இடம் மாறிப் போக நேர்ந்தால் சிகிச்சை அட்டையைக் கையோடு எடுத்து, போன ஊரிலுள்ள மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் உடனே பதியுங்கள். அரசாங்கம் இந்த மருந்துகளை இலவசமாகவே கொடுக்கிறது.

மலேரியாவை நினைவில் வைத்திருக்கும் மூத்தோருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். குளோரோகுயின் குளிசையால் மூன்று நாளில் நடுக்கம் விட்டுவிடும். பிரிமாகுயின் குளிசையைப் பலர் எறிந்துவிடுவர். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்வது அந்த இரண்டாவது மருந்துதான். அது சில மணித்தியாலத்திலேயே உடலை விட்டுப் போவதாலேயே நாள்தோறும் தொடர்ந்து கொடுத்தார்கள். எறிந்தவருக்கு வாரங்கள், மாதங்கள் கழித்துக் காய்ச்சல் திரும்பி வந்தது. இலங்கை மலேரியா அற்ற நாடென 2016ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தினால் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தப் பாடம் இன்றும் பொருந்தும்.

வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைப் பறித்ததை அறிவீர்கள். கிருமி உட்புகுந்து நோயாக வெளிப்படப் பெரும்பாலும் 5 முதல் 14 நாள் எடுக்கும். ஆபத்துள்ள விவசாயிகளுக்குச் சுகாதாரப் பகுதியினர் வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் கொடுப்பது, கிருமி பெருகுமுன் அதைத் தாக்குவதற்கே. அடுத்த வாரத்துக்குள் முன்னைய மருந்து அநேகமாகப் போய்விடும். எனவே ஒரு வாரம் தவறினால் வேலியில் ஒரு பொட்டு விழுந்தது போலாகும். நிறையத் தண்ணீருடன், நிமிர்ந்திருந்து விழுங்குங்கள், உடனே படுக்கவேண்டாம். பாலோடும் இரும்புச்சத்துக் குளிசையோடும் சேர்த்து எடுத்தால் மருந்து உடலிற் சேர்வது குறையும். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் எடுக்கக்கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டே எடுங்கள். எடுத்தும் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

6. திடீரென நிறுத்தக்கூடாதவை

வலிப்புக்குரிய குளிசைகள்: நிறுத்தினால் விடாது தொடரும் வலிப்பு வந்து உயிரைக் குடிக்கலாம். வலிப்பு வரவில்லை என்பது மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளம்.

பிரட்னிசலோன்: மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவருடைய உடல் தன் சொந்தச் சுரப்பைக் குறைத்துவிடும். வைத்தியர் சொன்னபடி படிப்படியாகவே குறைக்கவேண்டும்.

அற்றனலோல், புறப்பிரனலோல் போன்ற இதய மருந்துகள்: திடீரென விட்டால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம்.

இன்சுலின், மனநோய்க்குரிய மருந்துகள்: வைத்தியரைக் கேளாது நிறுத்தவேண்டாம்.

7. மெதுவாக வெளியேற்றும் உடல்கள்

ஒரே குளிசை எல்லோரிடத்தும் ஒரே நேரம் நிற்பதில்லை. முதியவர்களின் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்யும். பச்சைக் குழந்தைகளின் ஈரலும் சிறுநீரகமும் இன்னும் முதிரவில்லை. சிறுநீரக வருத்தக்காரரின் கழிவாய் பாதி அடைபட்டது போன்றது. சாதாரண அளவே அவர்களிடம் தேங்கி நஞ்சாகலாம்.

வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் விவசாயிகளிடையே காரணம் சரியாகத் தெரியாத சிறுநீரக நோய் காணப்படுகிறது. அத்தகையவர்கள் நாரிநோவுக்கென டைக்குளோபினாக்கைக் கடையில் வாங்கிப் போடுவது சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். சீனி வருத்தத்துக்கு மெட்போமின் எடுப்பவர்களும் சிறுநீரகத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அந்த மருந்து மாறாமலே சிறுநீரகத்தினூடாகத்தான் வெளியேறுகிறது.

8. மாட்டுக்குப் போட்ட ஊசி

மடிவீக்கத்துக்கு நுண்ணுயிர்கொல்லி ஊசி போட்ட பசுவின் பாலில் அம்மருந்து சில நாள் வந்துகொண்டிருக்கும். அந்தப் பாலில் தயிர் சரியாக உறையாததைச் சிலர் கண்டிருப்பீர்கள். தயிரை உறையச் செய்யும் நல்ல கிருமியையும் மருந்து கொன்றுவிடுகிறது. காய்ச்சினாலும் மருந்து முற்றாகப் போய்விடும் என்று நம்பமுடியாது. பெனிசிலின் ஒவ்வாத ஒருவர் அதைக் குடித்தால் அவருக்கு ஆபத்து. எத்தனை நாள் பாலை ஒதுக்கவேண்டும், எத்தனை நாள் இறைச்சிக்குக் கொடுக்கக்கூடாது என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். மிருக வைத்தியரிடம் கேட்டு, தொழுவத்துச் சுவரில் நாளைக் குறித்து வையுங்கள்.

9. இடம்பெயரும் வேளையில்

போர், ஆழிப்பேரலை, வெள்ளம் என்று எழும்பிய ஒவ்வொரு முறையும் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்தோம். குளிசைப் பை அடுப்படித் தட்டிலேயே கிடந்தது.

அ. கிளினிக் கொப்பியையும் ஒரு வாரக் குளிசையையும் அந்த முக்கிய பத்திரங்களோடு ஒரே பையில் வையுங்கள். பழையது முடியுமுன் புதியதை மாற்றி வையுங்கள்.

ஆ. மருந்தின் பெயர், அளவு, வேளை மூன்றையும் தாளில் எழுதி இன்னொருவரிடமும் கொடுங்கள். "வெள்ளைக் குளிசை" என்றால் எந்த வைத்தியருக்கும் விளங்காது.

இ. குளிசை குறைந்துவிட்டால் பாதியாக உடைத்தோ ஒரு நாள் விட்டு ஒரு நாளோ எடுக்காமல், முடியுமுன்னரே தாதியிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கள். அயலவரின் குளிசையைக் கடன் வாங்கவேண்டாம்.

ஈ. ஒரு வேளை மறந்தால், நினைவு வந்தவுடன் எடுங்கள். அடுத்த வேளை நெருங்கியிருந்தால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடவேண்டாம்.

உ. குளிர்சாதனப்பெட்டி இல்லாத இடத்தில், பாவனையிலுள்ள இன்சுலின் போத்தலை ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள், தண்ணீர் படாமல், நிழலில் வையுங்கள். திறந்து ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் முடிக்கவேண்டும்.

ஊ. தாய்ப்பால் கொடுக்கும் தாய்மார் மருந்துக்குப் பயந்து பாலையோ, பாலுக்குப் பயந்து மருந்தையோ தாமாக நிறுத்தவேண்டாம். முதலில் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

மருந்து தரும் இடத்தில் நான்கு கேள்விகளைக் கூச்சமின்றிக் கேளுங்கள். இது எதற்கு? எப்போது குணம் தெரியும்? எத்தனை நாள் எடுக்கவேண்டும்? நிறுத்தினால் என்ன நடக்கும்? விதை வாங்கும்போது எத்தனை நாளில் முளைக்கும், எத்தனை மாதத்தில் அறுக்கலாம் என்று கேட்காமல் வாங்குவோமா?

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. தேநீர்ப் பரிசோதனையைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் பாதி ஊற்றிய பின், தண்ணீருக்குப் பதிலாகச் சாயத்தையே ஒரு பங்கு சேர்த்தால் என்ன நடக்கிறது? இது நாள்தோறும் எடுக்கும் எந்த மருந்தை உங்களுக்கு நினைவூட்டுகிறது?

2. உங்கள் குடும்பத்தில் நாள்தோறும் குளிசை எடுப்பவர் யார்? அதன் பெயர் வேறு எவருக்குத் தெரியும்?

3. நமது கிராமத்தில் மருந்தை இடையில் நிறுத்தியவர் இருக்கிறாரா? பணமா, பஸ் வசதியா, பயமா காரணம்? அவர் அடுத்த கிளினிக்குக்குப் போவதற்கு நமது சங்கம் என்ன செய்யலாம்?